நான் வைத்த சான்றிதழ்

தணிகா,

நேற்று காலை கோர்ட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் ரேடியோ பெட்டி மேல் ஒரு விண்ணப்பத்தை வைத்துவிட்டு, "ஒரு தபா பாத்துடும்மா, ஸ்பெல்லிங் எதுனா தப்பா இருக்கப்போவுது" என்று சொல்லிவிட்டுப் போனாய். பள்ளிக்கூடக் கட்டுரையில் தொடங்கி உன் வக்கீல் ஐயாவுக்கு நீ எழுதிக் கொடுக்கும் மனுக்கள் வரை இப்படித்தான் என்னிடம் தந்துவிட்டுப் போவாய். நானும் சிவப்பு மைப் பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு உட்காருவேன். எடுத்துப் பார்த்த பிறகுதான் அது சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான விண்ணப்பம் என்று தெரிந்தது. இருபத்தொன்பது வயதில், எட்டு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் கேஸ் கட்டுகளைச் சுமந்த பிறகு, மறுபடியும் எழுதுகிறாய். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லையடா. பக்கத்தைத் திருப்பினேன், அது போய்விட்டது. ஸ்பெல்லிங் ஒன்றும் தப்பில்லை. இதற்கு முன் எந்தக் கல்லூரியாவது உங்கள் விண்ணப்பத்தை நிராகரித்ததா, ஆமென்றால் என்ன காரணம் என்று ஒரு கேள்வி இருக்கிறதே, அதற்கு நீ எழுதியிருக்கிற பதில்தான் தப்பு. பொய்யான படிப்புச் சான்றிதழ் ஒன்றை நீயே இணைத்ததாகவும், அதற்காக வருந்துவதாகவும் எழுதியிருக்கிறாய். இணைத்தது நீ இல்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எட்டு வருஷமாக நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நேரில் சொல்லலாம்தான். எத்தனையோ சாயங்காலம் ஆரம்பித்திருக்கிறேன். நீ காப்பி குடித்துக்கொண்டிருப்பாய், "தணிகா" என்று கூப்பிடுவேன், "இன்னாம்மா" என்று நிமிர்வாய், "சக்கரை போதுமா" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். ஒரு அதட்டலில் மூன்று வகுப்புகளை அடக்குகிற ஹெட்மிஸ்ட்ரஸ் நான். வீட்டுக்குள் எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, நீ திருவாலங்காட்டுக்குப் போயிருக்கிறாய், உன் நைனா வெளியே சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இதை உறைக்குள் போட்டு ஒட்டப்போவதில்லை. அவர் படிக்கட்டும். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோய் என்னோடு வேலை பார்க்கிற டீச்சர்களிடம் கொடுக்கப் போகிறேன். மூடி மூடி வைத்துத்தான் காரியம் இந்த அளவுக்கு வந்து நிற்கிறது.

நீ பிறந்தபோது இந்தத் திருத்தணி ஆந்திராவில் இருந்தது. நீ தவழ்ந்துகொண்டிருக்கும்போது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. வீடும் மலையும் ரயிலடியும் இருந்த இடத்திலேயே இருந்தன, பலகையில் எழுத்து மட்டும் மாறியது. நகரிக்குப் பக்கத்தில் என் பிறந்த வீடு அந்தப் பக்கமே தங்கிவிட்டது. என் அண்ணன், உன் மாமா, அங்கே தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், அப்புறம் ஹெட்மாஸ்டர். நான் இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், அப்புறம் ஹெட்மிஸ்ட்ரஸ். எங்கள் நைனாவுக்கு இதில் பெரிய பெருமை, இரண்டு சர்க்காருக்கும் தலைக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இந்தப் பக்கம் சர்க்கரை கிடைக்கவில்லையென்றால் அந்தப் பக்கம், அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லையென்றால் இந்தப் பக்கம் என்று வாழ்ந்தவர்கள் நாம். எல்லை என்பது பஸ்ஸில் சீட்டு மாற்றுகிற இடம், அவ்வளவுதான். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. எப்படி என் புத்தி போனது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீ வக்கீலுக்குப் படிக்க வேண்டும் என்பது நான் உன் தலையில் ஏற்றிய ஆசை இல்லை. நீயாகவே பிடித்துக்கொண்டது. ஏழு வயதில் பால்காரம்மாவை வாசலில் நிறுத்தி, மாடு தண்ணி குடிச்சா பாலும் தண்ணியா ஆவுமா, அப்ப நெல்லூர் மாடு இன்னா குடிக்குது என்று நீ கேட்ட கேள்விகளில் அவள் இரண்டு நாள் வேறு தெரு வழியாகப் போனாள். வீட்டில் உனக்கு ஒரு அடி விழ வேண்டுமென்றால் அதற்கு முன்னால் அரை மணி நேரம் வாதம் நடக்கும். உன் நைனா விசைத்தறி சத்தத்திலேயே இருந்து இருந்து பேச்சைக் குறைத்துக்கொண்ட மனிதர். அவரே ஒருநாள், "இவன சீக்கிரமா கோர்ட்டுல வுட்டுடு டீச்சரம்மா, வூட்டுல நமக்கு ஜாமீன் கெடைக்காது" என்றார். பி.ஏ. முடித்த வருஷம் ஆந்திரக் கல்லூரி ஒன்றில் சட்டப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள் என்று நீ பேப்பரில் பார்த்துவிட்டு வந்தாய். மெட்ராஸ் பக்கம் மார்க்கைப் பார்த்துக் கூப்பிடுவார்கள், உன் பி.ஏ. மார்க்கு நடுத்தரம். பரீட்சை என்றால் உனக்கு ஒரு வழி இருந்தது. நாம் இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டோம்.

அந்த நான்கு மாதம் நம் வீடு நன்றாக இருந்தது. மெட்ராஸுக்குப் போய் மூர் மார்க்கெட்டில் பழைய வழிகாட்டிப் புத்தகம் ஒன்று வாங்கிவந்தாய். முந்தின சொந்தக்காரன் பாதிக் கேள்விகளுக்குத் தப்பான விடையில் டிக் அடித்து வைத்திருந்தான், அவன் எங்கே போய்ச் சேர்ந்தானோ என்று சிரித்தோம். ரயிலடியில் முந்தின நாள் இங்கிலீஷ் பேப்பரைக் கேட்டு வாங்கி வருவாய். நான் சாயங்காலம் ஆறு மணிக்குப் பள்ளிக்கூடத்துக் கைமணியை எடுத்துவந்து அடித்து உனக்குப் பரீட்சை ஆரம்பித்து வைப்பேன். இங்கிலீஷ் பத்தி, பொது அறிவு எல்லாம் சரியாகப் போகும். ஒரு சம்பவத்தைக் கொடுத்து இதில் யார் பக்கம் நியாயம் என்று கேட்கிற பகுதியில்தான் வீடே இரண்டாகும். பக்கத்து வீட்டு மாங்காய் என் வேலிக்குள் விழுந்தால் யாருடையது என்பதற்கு உன் நைனா, "உளுந்தா இன்னா, மரம் அவனுதுதானே" என்றார். நீ மூன்று நாள் அவரை விடவில்லை. கடைசியில் அவர், பக்கத்து வீட்டுப் பெரியசாமி மாங்காய் என்றால் அவனுக்கே கொடுத்துவிடு, நமக்கு வேண்டாம் என்று கைகூப்பிவிட்டுத் தறி வேலைக்கு ஆர்.கே.பேட்டை பஸ் ஏறிவிட்டார். நான் உன் தாள்களைத் திருத்துவேன். திருத்தும்போது மார்க்கைக் கொஞ்சம் குறைத்தே போடுவேன். கூடுதலாகப் போட்டால் தலை கனத்துவிடும் என்று நினைப்பு. குறைத்துப் போட்டுப் போட்டு, அந்தக் குறைந்த மார்க்குதான் உன்னுடைய நிஜமான மார்க்கு என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். தணிகா, இந்தக் கதையில் நான் செய்த முதல் தப்பு இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தது.

விண்ணப்பத்தோடு வந்த விதிகளை நான்தான் படித்துச் சொன்னேன். ஆந்திராவில் தொடர்ந்து சில வருஷம் படித்தவர்களுக்குத்தான் பெரும்பாலான இடங்கள், மற்றவர்களுக்கு விரல்விட்டு எண்ணலாம். அந்தப் பக்கம் படித்ததற்கு ஸ்டடி சர்ட்டிபிகேட் வைக்க வேண்டும். படித்துவிட்டு நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ சட்டென்று, "நான் இங்கதானேம்மா படிச்சேன். அந்தப் பொதுச் சீட்டுல வந்தா வரட்டும்" என்றாய். மாமாவைக் கேட்டால் ஒரு தாள் கிடைக்குமே என்று நான் பாதி சொல்லும்போதே, "அதெல்லாம் வாணாம்மா" என்று எழுந்துபோய்விட்டாய். நான் விட்டுவிட்டதாக நீ நினைத்தாய். அடுத்த சனிக்கிழமை அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நகரி பஸ் ஏறினேன். அண்ணனுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

மாமாவைக் கெட்டவராக நினைத்துக்கொள்ளாதே. இருபத்தேழு வருஷ சர்வீஸில் ஒரு வருகைப் பதிவைத் திருத்தினவர் இல்லை. வேண்டாம்மா, பையன் படிக்கிறவன், அவனே வந்துவிடுவான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் விடவில்லை. நீ பிறந்தபோது ஊர் ஆந்திராதானே, அதில் என்ன பொய் என்று வாதாடினேன். நைனா இருந்திருந்தால் பேரனுக்காக இதைச் செய்யமாட்டாரா என்று அழுதேன். அழுததுதான் எனக்கு இப்போது நினைத்தாலும் கூசுகிறது, ஏனென்றால் அழுகை வரவில்லை, வரவழைத்தேன். அவர் எழுந்துபோய்த் தாளையும் முத்திரையையும் எடுத்துவந்து எழுதினார். நீ ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர் பள்ளிக்கூடத்தில் படித்ததாக எழுதி, மை காய்வதற்குள் மடித்து என்னிடம் கொடுத்தார். நான் அதைப் பிரித்துப் படிக்கவில்லை. ஒரு கமா விட்டுப்போனால் டீச்சர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறவள், அந்தத் தாளை மட்டும் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு அப்படியே பையில் வைத்தேன். நீ கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்த உறைக்குள் அதைச் சொருகி, ஒட்டி, ரயிலடி தபாலாபீஸில் பதிவுத் தபாலாகப் போட்டேன். உன் பேரில், உனக்குத் தெரியாமல்.

நீ பரீட்சை எழுதிவிட்டு வந்து நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன் என்றாய். நான் சரி சரி என்றேன். நேர்காணலுக்கு அழைப்பு வந்தபோது, எல்லாம் அந்தத் தாளால்தான் என்று மனதுக்குள் எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். பெற்றவரோடு வர வேண்டும் என்று எழுதியிருந்ததால் நானும் கிளம்பினேன். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம், எதிரே வருகிற பஸ் எல்லாம் காவடிக் கூட்டம். நாம் மட்டும் ஊரைவிட்டு வெளியே போகிற காலி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனோம். கருநீலக் கோடு போட்ட சட்டை போட்டிருந்தாய். வழியெல்லாம் எனக்கு அரசியல் சட்டம் சொல்லிக்கொண்டு வந்தாய்.

அந்த அறையில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நான் நின்றிருந்த இடத்திலிருந்து உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பேராசிரியர் உன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் மாமாவின் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நம் பக்கம் தொடக்கப்பள்ளி ஐந்தாவதோடு முடிந்துவிடும், ஆறாவதுக்கு ஹைஸ்கூல் போவோம். அந்தப் பக்கம் மாமாவின் பள்ளிக்கூடம் ஏழாவது வரை. மாமா எழுதி எழுதிப் பழகின கையால் ஒன்று முதல் ஏழு வரை என்று எழுதிவிட்டார். உன் புத்தகமோ ஆறாவதிலிருந்து திருத்தணி என்று சொன்னது. இரண்டு வருஷம் நீ ஒரே நேரத்தில் இரண்டு மாநிலத்தில் படித்திருந்தாய். பேராசிரியர் கத்தவில்லை. தெலுங்கில், சாந்தமாக, இது எப்படி முடியும் என்று கேட்டுத் தாளை உன் பக்கம் திருப்பினார். நீ குனிந்து பார்த்தாய். அந்தத் தாளை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாய். மாமாவின் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டதும் உன் கழுத்து சிவந்தது. நான் உனக்குப் பின்னால் நாலு அடியில் நின்றிருந்தேன், நீ திரும்பி என்னைப் பார்ப்பாய் என்று பயந்தேன். நீ திரும்பவே இல்லை. யார் இதை வைத்தது என்று அவர் கேட்டார்.

"நான்தான் சார் வச்சேன். எங்க அம்மாவுக்கு இது தெரியாது" என்றாய்.

மாமாவின் கையெழுத்து எப்படி வந்தது என்று கேட்டதற்கு, அவருக்குத் தெரியாமல் முத்திரை போட்ட தாளை எடுத்துவந்து நீயே எழுதிக்கொண்டதாகச் சொன்னாய். இருபத்தொரு வயதில், ஒரு நிமிஷத்தில், இரண்டு பேருடைய வேலையையும் காப்பாற்றுகிற மாதிரி ஒரு பொய்யைக் கட்டிவிட்டாய். எனக்குத் தெரிந்து நீ சொன்ன பொய் அது ஒன்றுதான். அதன் பிறகு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். விண்ணப்பத்தில் என் உத்தியோகத்தைப் பார்த்திருக்கிறார். நீங்கள் ஹெட்மிஸ்ட்ரஸா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த அறையில் நான் பேசின ஒரே வார்த்தை அதுதான். ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் பிள்ளை இப்படிச் செய்யலாமா அம்மா என்று அவர் வருத்தத்தோடு கேட்டபோது, நான் தலையைக் குனிந்துகொண்டேன். பையன் தப்புக்காகத் தாய் தலைகுனிகிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று குனிந்தேன் தணிகா. நீ அங்கேயே உட்கார்ந்து, நான் கற்றுக்கொடுத்த அதே கையெழுத்தில், தப்பை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தாய். வயதைப் பார்த்து போலீசுக்கு அனுப்பவில்லை என்றார்கள். விண்ணப்பத்தின் மேல் காரணத்தை எழுதி நிராகரித்தார்கள். நாம் கிளம்பும்போது பேராசிரியர் உன் மார்க்குத் தாளை ஒரு தரம் பார்த்துவிட்டு, இந்த மார்க்குக்கு உனக்குப் பொதுச் சீட்டே கிடைத்திருக்கும், இந்தக் காகிதமே தேவைப்பட்டிருக்காது, எதற்கப்பா இப்படிச் செய்தாய் என்றார். உனக்கு அதற்குப் பதில் தெரியாது. பதில் எனக்குத்தான் தெரியும். உன்னால் முடியும் என்று நான் நம்பவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நிற்க இடமில்லை. எனக்கு ஒரு சீட்டுப் பிடித்துக் கொடுத்துவிட்டு நீ நகரி வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். என்னைத் திட்டியிருக்கலாம். "மாமாகிட்ட ஒண்ணும் சொல்லாதம்மா, அவரு மனசு கஷ்டப்படுவாரு" என்று மட்டும் சொன்னாய். வீட்டுக்கு வந்து உன் நைனாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவருக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "அவன் அத்த சொல்லும்போது நீ இன்னா சொன்ன?" என்றார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர் எழுந்துபோய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்து படுத்துவிட்டார். ஒரு வாரம் என்னை டீச்சரம்மா என்று கூப்பிடவில்லை. அதற்குப் பிறகும் அந்த வார்த்தை பழைய மாதிரி வரவில்லை.

வேலை போய்விடும் என்று பயந்துதான் பேசாமல் நின்றேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. வேலை போயிருந்தால் உன் நைனாவின் தறியை வைத்துக் கஞ்சியோ கூழோ குடித்திருப்போம். எனக்கு வேலையைவிடப் பெயர் பெரிதாக இருந்தது. கடைத்தெருவில் நடந்தால் வளர்ந்த ஆம்பிளைகள் பீடியை மறைத்துக்கொண்டு வணக்கம் டீச்சர் என்பார்களே, அது எனக்கு வேண்டியிருந்தது. பொய் சொன்ன பிள்ளைகளை வெயிலில் முட்டிபோட வைத்தவள் நான். அந்த நாள் முதல் யாரையும் முட்டிபோட வைத்ததில்லை. வயசாகி டீச்சருக்கு மனசு இளகிவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டார்கள், நானும் கேட்டுக்கொண்டேன்.

அந்த வருஷமே மெட்ராஸ் விண்ணப்பமும் உன் கையில் இருந்தது. அதிலும் இதே கேள்வி இருந்தது. நீ அதைப் பூர்த்தி செய்யாமல் அலமாரியில் போட்டுவிட்டாய். கடைசித் தேதி நெருங்கும்போது நான் போய், "ஏண்டா, அனுப்பலையா?" என்று கேட்டேன். எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தால் அதைக் கேட்டிருப்பேன் பார். "அந்தக் கேள்விக்கு எழுதறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா" என்றாய். இல்லை என்று எழுதினால் பொய். ஆம் என்று எழுதினால் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுதினால் மறுபடியும் பொய், இல்லாவிட்டால் நான். உனக்கு மூன்று கதவையும் சாத்திவிட்டு வாசலில் நின்றுகொண்டு ஏன் வெளியே வரவில்லை என்று கேட்டேன். அடுத்த மாதம் நீ முன்சீப் கோர்ட்டு வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தாய். குமாஸ்தா வேலையும் நல்ல அனுபவம்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

மாமா போன பிறகாவது சொல்லியிருக்கலாம். அவர் இருக்கும்வரை, அவரைக் காட்டிக்கொடுக்க முடியாது என்று ஒரு மறைப்பு எனக்கு இருந்தது. அவர் காரியத்துக்குப் போனபோது அண்ணி, உன் மாமி, என்னிடம் ஒன்று சொன்னாள். கடைசி நாட்களில் அவர், அந்த ஏழாவதுதான், அஞ்சு என்று எழுதியிருந்தால் பிள்ளை தப்பித்திருப்பான் என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தாராம். நல்ல மனிதர், தன் தப்பு என்றே நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறமும் இரண்டு வருஷம் நான் வாய் திறக்கவில்லை. போன தை மாதம் பள்ளிக்கூட நிலத் தகராறில் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்கு வந்தேனே, அன்று பார்த்தேன். உன் வக்கீல் ஐயா எழுந்து வாதம் செய்கிறார், பின்னால் நின்று நீ ஒவ்வொரு பாயிண்டாகத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுகிறாய். எதிர்க்கட்சி வக்கீல் ஒரு கேள்வி கேட்டார், ஐயாவுக்குப் பதில் வரவில்லை. உனக்குத் தெரிந்திருந்தது, உதடு அசைந்தது, பேசுகிற உரிமை உனக்கு இல்லாததால் மூடிக்கொண்டாய். வாய்தா வாங்கிக்கொண்டு எல்லோரும் எழுந்தார்கள். நான் சாட்சிக் கூண்டில் ஏறாமலே வீட்டுக்கு வந்தேன். நேற்று உன் விண்ணப்பத்தைப் பார்க்கும்வரை தினமும் உன் உதடு அசைந்ததுதான் கண்ணில் நின்றது.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனால் நாற்பது வருஷப் பழக்கம், சும்மா இருக்க வரவில்லை. நீ வக்கீலாகிப் பேசும் நாளில், கூண்டில் ஒருவர் பதில் சொல்லாமல் நின்றால், தெரியாமல் நிற்கிறார் என்று நினைக்காதே. மரியாதைக்குரிய ஆளாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பலமாகக் கேள். தப்பை ஒத்துக்கொள்ள முந்திக்கொண்டு வருகிற பிள்ளை யாராவது இருந்தால், அவனுக்குப் பின்னால் நாலு அடியில் யார் நிற்கிறார்கள் என்று பார். உனக்குக் குழந்தைகள் பிறந்து அவர்களுடைய தாள்களை நீ திருத்தினால், வாங்கின மார்க்கைப் போடு. குறைத்தும் போடாதே, கூட்டியும் போடாதே. என்னைக் காப்பாற்றியதற்கு உனக்கு நன்றி சொல்ல மாட்டேன். நீ அதைச் செய்திருக்கக் கூடாது. செய்ய வேண்டிய நிலைமையை நான் உனக்கு உண்டாக்கியிருக்கக் கூடாது.

நேற்று காலையெல்லாம் உன் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு யோசித்தேன். சிவப்பு மையால் அந்த வரியை அடித்துவிட்டு நானே உண்மையை எழுதிவிடலாமா என்று கை போனது. பிறகுதான் உறைத்தது, உன் விண்ணப்பத்தில் உன்னைக் கேட்காமல் கைவைப்பதுதானே எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் செய்தது. அதனால் தொடவில்லை. நீ வைத்த இடத்திலேயே, ரேடியோ மேல், வைத்தபடி இருக்கிறது. என் பங்குக்கு என்ன செய்ய வேண்டுமோ அதை மட்டும் செய்தேன். அந்தச் சான்றிதழை வற்புறுத்தி வாங்கியதும் நான், உன் உறைக்குள் உனக்குத் தெரியாமல் வைத்ததும் நான், உன்மேல் பழி விழும்போது பார்த்துக்கொண்டு நின்றதும் நான் என்று எழுதி, பதவியோடு கையெழுத்துப் போட்டு, அந்த ஆந்திரக் கல்லூரிக்கு ஒன்றும் நம் கல்வி அதிகாரிக்கு ஒன்றும் நேற்று மத்தியானமே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஓய்வு பெற எனக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அவர்கள் விட்டுவைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி. நீ வந்து, ஏம்மா அவசரப்பட்டே, என்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்பாய். கேட்டால் தடுத்திருப்பாய். இது என் தப்பு, இதற்கு உன் அனுமதி வேண்டியதில்லை. அதன் நகல் ஒன்று இந்தக் கடிதத்துக்குக் கீழே இருக்கிறது. உன் விண்ணப்பத்தோடு சேர்ப்பதும் சேர்க்காததும் உன் இஷ்டம்.

உன் நைனாவிடம் இப்போதுதான் சொன்னேன். துடைத்துக்கொண்டிருந்த சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "ஆங்" என்றார். உள்ளே வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் இதை எழுதிக்கொண்டிருக்க, இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

நீ சொன்ன ஒரே பொய்யை நீயே அழித்துவிடு, தணிகா. அந்தக் கேள்விக்கு, என் அம்மா செய்தாள் என்று எழுது. மழுப்பாமல், என்மேல் இரக்கப்படாமல், நடந்ததை நடந்தபடி எழுது. எழுதி முடித்தால் என்னிடம் காட்ட வேண்டாம், அப்படியே அனுப்பு.

அம்மா